வெட்டுப்படுவதற்காக வரைந்த படங்கள்

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் காண்டாமிருகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். உடம்பு முழுக்கத் தகடு அடித்ததுபோலக் கவசம், காலில் செதில், பிடரியில் இயற்கையில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்த அந்த மிருகம், கோவாவில் கப்பலேறி 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. அதைப் போர்த்துகீசியர் 'கண்டா' என்றார்கள். நம் காண்டாமிருகத்தின் பாதிப் பெயர் அதில் கேட்கவில்லையா? நியூரம்பர்க் நகரத்தில் இருந்த டியூரர் அதை நேரில் பார்த்ததே இல்லை. லிஸ்பனிலிருந்து வந்த வருணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்துக்கொண்டுதான் வரைந்தார்.

இணையத்தில் இந்தப் படம் இரண்டு விதமாகச் சுற்றுகிறது. ஒன்றில் மிருகம் வலப்பக்கம் பார்க்கிறது, இன்னொன்றில் இடப்பக்கம். "யாரோ ஃபோட்டோவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார். "ஒன்று அசல், மற்றது போலி" என்று அடுத்தவர் அடித்துச் சொல்வார். இரண்டும் தப்பு. இரண்டுமே டியூரருடையவை, இரண்டுமே 1515ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இடப்பக்கம் பார்ப்பது தாளில் பேனாவால் வரைந்தது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வலப்பக்கம் பார்ப்பது அந்தப் படத்தை மரத்தில் வெட்டி எடுத்த அச்சு.

தாளில் இருப்பதைப் போன்ற படத்தை முன்வரைவு என்று வைத்துக்கொள்வோம்: வேறொரு வேலைக்காக முன்கூட்டியே வரைந்துகொள்ளும் படம். இந்தச் சொல்தான் பல குழப்பத்துக்கும் காரணம். கேட்டவுடனே அவசரக் கிறுக்கல் என்று தோன்றிவிடுகிறது. வரைந்தவரே உட்கார்ந்து மரத்தையும் செதுக்கினார் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தாளைப் பார்த்தே மரத்தை வெட்டினார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறோம். எதுவும் முழுக்கச் சரியில்லை. ஏன் என்று புரிய, முதலில் சமையலறைக்குப் போக வேண்டும்.

உருளைக்கிழங்கில் ஒரு அச்சு

பள்ளி விடுமுறையில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டு, தாளில் பூப்பூவாக ஒற்றியிருப்பீர்கள். காயின் சுவர் இருக்கும் இடமெல்லாம் மை பதியும். உள்ளே குழியாக இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும். அச்சுக்கலையின் முதல் பாடம் அதுதான். மேடு பதியும், பள்ளம் பதியாது.

உருளைக்கிழங்கு அடுத்த வகுப்பு. பாதியாக வெட்டி, தட்டையான பக்கத்தில் ஒரு எழுத்தைப் பேனாவால் எழுதி, எழுத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் சதையைக் கத்தியால் எடுத்துவிட வேண்டும். இப்போது எழுத்து மேடு. மை தடவித் தாளில் அழுத்தினால் எழுத்து வந்துவிடும், ஆனால் இடம் வலம் மாறி வரும். 'ப' என்று வெட்டினால் கவலையில்லை, அது திரும்பினாலும் 'ப'தான். 'ட' வெட்டிப் பாருங்கள், திரும்பி நிற்கும். சிறுவயதில் என் பெயரை இப்படி வெட்டி, ஒரு கிலோ கிழங்கை வீணாக்கி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது. ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தாலும் இதே கதைதான்.

அந்தக் கிழங்கில் இன்னொரு விஷயமும் நடந்தது, நாம் கவனிப்பதில்லை. வெட்டுவதற்கு முன்னால் பேனாவால் எழுதினோமே, அந்த எழுத்து எங்கே? கத்தி அதை ஒட்டியே போனது. மிச்சம் நின்ற மேட்டின்மேல் கொஞ்சம் மை ஒட்டியிருக்கலாம். முதல் அச்சு எடுத்ததும் அதுவும் அச்சு மையில் மறைந்துவிட்டது. எழுதிய எழுத்து வழிகாட்டிவிட்டுக் காணாமல் போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

மரத்துக்கு வருவோம்

கிழங்குக்குப் பதில் மரப்பலகை, சமையல் கத்திக்குப் பதில் கூரான சிறு கத்தி. இப்படி வெட்டிய பலகையிலிருந்து தாளில் எடுப்பது மரக்கட்டை அச்சு. வெட்டிய பலகை அச்சுக்கட்டை. நம் பழைய அச்சகக்காரர்கள் படம் போடும் கட்டையை 'பிளாக்' என்பார்கள்; அது பிற்காலத்து உலோகத் தகடு என்றாலும் செய்யும் வேலை இதேதான்.

ஐரோப்பாவில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இதற்கு அதிகம் பயன்பட்டது பேரிக்காய் மரம். நார் நெருக்கமாக, சீராக இருக்கும், கத்திக்கும் கட்டுப்படும். மரத்தை நீளவாக்கில் அறுத்துப் பலகையாக்கி, முகத்தை இழைத்து வழவழப்பாக்குவார்கள். பலகையின் கனம் அச்சுக்கோக்கும் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் கட்டி, ஒரே அழுத்தில் அச்சடிக்க முடியும். புத்தகப் படங்களுக்கு மரக்கட்டை பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணம் இது. செப்புத்தகட்டு அச்சில் கோடு பள்ளத்தில் இருக்கும், அதற்குத் தனி அச்சு இயந்திரம் வேண்டும், தாளை இரண்டாம் முறை ஓட்ட வேண்டும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

இழைத்த முகத்தில் படம் வரைந்தாயிற்று. இனி ஒரே ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு வெட்டுபவரின் கையைப் பார்ப்போம். கோட்டின் ஒரு ஓரத்தில் கத்தியைச் சற்றே வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரு கீறல். கொஞ்சம் தள்ளி எதிர்ப்பக்கச் சாய்வில் இன்னொரு கீறல். நடுவில் இருக்கும் மரம் மெல்லிய சிம்பாக எழும்பி வரும். கோட்டின் மறு ஓரத்திலும் இதையே செய்ய வேண்டும். ஆக ஒரு கோட்டுக்கு நாலு வெட்டு. சாய்த்து வெட்டுவதால் மேட்டின் அடி அகலமாகவும் தலை மெலிசாகவும் நிற்கும். நேராக வெட்டினால் அழுத்தும்போது கோடு முறிந்துவிடும். கோடுகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம் இருந்தால் அதைத் தனி உளியால் வாரி எடுத்துவிடலாம். கத்தி நார் வாக்கில் போகும்போது வழுக்கிக்கொண்டு ஓடும், நாருக்குக் குறுக்கே போகும்போது அடம்பிடிக்கும். தவறிப்போய் கோடு பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தைத் துளைத்து, புதிதாக ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரி இறுக்கிச் செருகி, மறுபடியும் வெட்டுவார்கள்.

மரத்துக்கு இரண்டே பதில்தான் தெரியும்: மை உண்டு, மை இல்லை. இடையில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. தாளில் தூரிகையால் நீர்த்த மையை இழுத்து மெல்லிய நிழல் கொண்டுவரலாம், மரத்தில் முடியாது. நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கி வைக்க வேண்டும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் அந்தக் கோடுகளுக்குமேல் எதிர்த்திசையில் இன்னொரு வரிசை. இப்படி வலைபோல் போடுவதைக் குறுக்குக்கோட்டு நிழல் என்று சொல்லலாம்.

இங்கேதான் வரைபவரின் கணக்கும் வெட்டுபவரின் கணக்கும் பிரிகின்றன. சாய்வாகப் பத்துக் கோடு போடுங்கள், அதன்மேல் எதிர்ச்சாய்வில் பத்துக் கோடு. பேனாவுக்கு இருபது இழுப்பு, அரை நிமிஷ வேலை. வெட்டுபவருக்கோ அந்த வலையின் நடுவில் 81 குட்டிக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் வெட்டி, உள்ளே இருக்கும் மரத்துணுக்கை நெம்பி எடுக்க வேண்டும். 324 வெட்டு, ஓரத்துக் கட்டங்களைச் சேர்க்காமல். அதில் ஒன்று வழுக்கினாலும் வலையில் ஒரு ஓட்டை. பேனா பிடித்தவர் யோசிக்காமல் போட்ட நிழலுக்காக வெட்டுபவர் அரை நாள் குனிந்திருப்பார். மரக்கட்டைக்காக வரைவதென்றால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வரைவது. டியூரர் பெரிய ஆள் என்பதற்கு நான் முதலில் சொல்லும் காரணமும் இதுதான். 1498இல் வெளியான, பைபிளின் கடைசிப் புத்தகத்துக்கான அவருடைய 'அபோகலிப்ஸ்' தொகுதியின் பதினைந்து படங்களில் கோடு பேனா இழுத்ததுபோலவே தடித்து மெலிகிறது, வளைந்து உருட்சியைக் காட்டுகிறது. அத்தனையும் கத்தியால் வெட்டக்கூடிய கோடு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மேடு பதியும், பள்ளம் பதியாது, கட்டையில் இருப்பது தாளில் இடம் வலம் மாறும், நிழலைக் கோட்டால்தான் கொண்டுவர முடியும், ஒரு கோட்டுக்கு நாலு வெட்டு.

வரைந்தது ஒரு கை, வெட்டியது வேறு கை

1568இல் பிராங்க்பர்ட்டில் தொழில்களைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று வந்தது. படங்கள் யோஸ்ட் அம்மான், பாட்டு ஹான்ஸ் சாக்ஸ். அதில் படம் வரைபவருக்கு ஒரு பக்கம், கட்டை வெட்டுபவருக்குத் தனியாக ஒரு பக்கம். தையற்காரரும் கொல்லரும் எப்படித் தனித்தனித் தொழிலோ அப்படி. வெட்டுபவரை ஜெர்மன் மொழியில் 'ஃபார்ம்ஷ்னைடர்' என்பார்கள், வடிவம் வெட்டுபவர் என்று பொருள். கட்டைவெட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் ஒரு பக்கம் மூலிகை நூல் ஒன்றில் இருக்கிறது. லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற மருத்துவர் எழுதி 1542இல் பாசல் நகரத்தில் அச்சான தாவர நூல் அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் உள்ளன. நம் ஊர் மிளகாயும் அதில் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று தெரியாமல் அதைக் கள்ளிக்கோட்டை மிளகு என்று எழுதிவைத்தார், பாவம். நூலின் கடைசியில் மூன்று பேரின் உருவப்படம். ஆல்பிரெக்ட் மேயர், எதிரே இருக்கும் செடியைப் பார்த்துத் தாளில் வரைகிறார். ஹைன்ரிஷ் ஃப்யுல்மாவ்ரர், படத்தை மரக்கட்டைக்கு மாற்றுகிறார். கீழே, ஸ்ட்ராஸ்பூர்கைச் சேர்ந்த கட்டைவெட்டி ஃபைட் ருடால்ஃப் ஷ்பெக்லே. ஒரு செடி அச்சேற மூன்று கைகள். அந்தக் காலத்தில் கைவினைஞர்களுக்கு இப்படிப் பேரும் முகமும் கொடுத்த புத்தகம் அபூர்வம். செடியின் உருவம் மறையும் அளவுக்கு நிழல் போட ஓவியர்களை விடவில்லை என்று முன்னுரையில் ஃபுக்ஸே சொல்கிறார். அதனால்தான் அந்தப் படங்கள் வெறும் வெளிக்கோடுகளாக, கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கின்றன.

பெரிய வேலைகளில் ஒரு பட்டறையே இறங்கும். பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக டியூரரும் உடனிருந்தவர்களும் வடிவமைத்த 'வெற்றி வளைவு' என்ற அச்சு, 195 கட்டைகளிலிருந்து எடுத்துத் தாளோடு தாள் ஒட்டிச் சேர்த்தது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம். கட்டைகளை வெட்டியது நியூரம்பர்கின் ஹீரோனிமுஸ் ஆந்த்ரே. இத்தனையையும் டியூரரே உட்கார்ந்து செதுக்கினார் என்று சொல்பவர்கள் ஒரு நிமிஷம் அந்த எண்ணிக்கையை யோசித்துப் பார்க்க வேண்டும். இளமையில் அவரே சிலவற்றை வெட்டியிருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு, அது தனிக் கதை.

பலர் வெட்டினால் பல கை தெரியும். அதே பேரரசருக்கு ஆக்ஸ்பர்கில் வேலைபார்த்த யோஸ்ட் டெ நெக்கர் என்ற கட்டைவெட்டி 1512இல் எழுதிய கடிதத்தில் இந்தக் கவலைதான் இருக்கிறது. உதவிக்கு இரண்டு பேரைக் கொடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் கடைசியில் நான் என் கையால் முடித்துத் தருகிறேன், ஒரே கை வெட்டியதுபோல் இருக்கும் என்கிறார். கட்டைவெட்டியின் பெருமை எதில் இருந்தது என்று இதில் தெரிகிறது. தன் கை தெரியாமல் இருப்பதில்.

தெரிய வைத்தவரும் ஒருவர் உண்டு. ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த 'மரண நடனம்' படங்களை பாசலில் வெட்டியவர் ஹான்ஸ் லூட்ஸெல்புர்கர். ஒவ்வொன்றும் இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் இருக்கும். அதற்குள் அரசன், உழவன், படுக்கை, ஜன்னல், எலும்புக்கூட்டின் இளிப்பு எல்லாம் உண்டு. 1526இல் லூட்ஸெல்புர்கர் இறந்துபோனார். 1538இல் லியோன் நகரத்தில் 41 படங்களோடு புத்தகம் வந்தபோது அதில் ஹோல்பைனின் பெயர் இல்லை. கோமகளின் கட்டில் காலைக் கூர்ந்து பார்த்தால் எச், எல் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. வெட்டியவருடையவை.

தாளிலிருந்து கட்டைக்கு

வரைந்தவரும் வெட்டியவரும் வேறு என்றால், ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவர் கத்திக்குப் போக வேண்டும். அதற்குச் சில வழிகள் இருந்தன.

ஓவியர் நேராகக் கட்டைமேலேயே வரைந்துவிடுவது ஒன்று. முகத்தில் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்தால் மை ஊறாமல் கோடு துல்லியமாக நிற்கும். கைதேர்ந்த ஓவியர்கள் இதைத்தான் விரும்பினார்கள். நடுவில் இன்னொருவர் கை பட்டுக் கோடு கெட்டுப்போக வழியில்லை. தாளில் வரைந்ததைக் கட்டையில் ஒட்டிவிட்டு, தாளோடு சேர்த்து வெட்டுவது இரண்டாவது வழி.

மூன்றாவது, தாளில் இருக்கும் கோடுகளைக் கட்டைக்கு நகல் எடுப்பது. இதைப் படமாற்றம் என்று சொல்லலாம். கார்பன் தாள் வைத்து பில் போடும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கம் கரித்தூளோ சாக்கோ தேய்த்து, கட்டைமேல் பரப்பி, முன்பக்கக் கோடுகளின்மேல் மழுங்கிய ஊசியால் அழுத்திக்கொண்டே போனால் கட்டையில் கோடு இறங்கும். இல்லையென்றால் கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, மேலே கரித்தூள் மூட்டையால் தட்டுவது. நம் ஊரில் ஓட்டைபோட்ட தட்டில் மாவைக் கொட்டிக் கோலம் இழுக்கிறோமே, அதே தத்துவம்.

இப்போது காண்டாமிருகத்துக்குத் திரும்பலாம். தாளில் மிருகம் இடப்பக்கம் பார்க்கிறது. அதை அப்படியே கட்டைக்கு மாற்றினால் கட்டையிலும் இடப்பக்கம் பார்க்கும். கட்டையில் மை தடவித் தாளை வைத்து எடுத்தால் வலப்பக்கம். புதிர் அவ்வளவுதான். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். லண்டனில் இருக்கும் அந்தத் தாளின்மேல் கத்தி படவில்லை, முழுசாக இருக்கிறது. அப்படியானால் அதற்கும் வெட்டுப்பட்ட கட்டைக்கும் நடுவில் இன்னொரு காண்டாமிருகம் இருந்திருக்க வேண்டும். கட்டையின் முகத்தில், மையில் வரைந்த காண்டாமிருகம். அச்சுக்கான கடைசி வரைவு அதுதான். அச்சில் கவசத்தின் கோடுகளும் செதில்களும் தாளில் இருப்பதைவிட இறுக்கமாக, முறுக்கேறித் தெரிவதற்குக் காரணம், இடையில் ஒருமுறை வெட்டுக்காகவே திரும்ப வரைந்ததுதான் என்பது என் கணிப்பு. மூலைக்கு வந்த ஏ, டி (A, D) என்ற அவருடைய முத்திரையைக்கூடக் கட்டையில் பார்த்துப் பார்த்துத்தான் போட வேண்டும். ஏ திரும்பினாலும் ஏதான், உருளைக்கிழங்கின் 'ப' மாதிரி. டியைத்தான் இடம் வலம் மாற்றி வளைத்து எழுத வேண்டும்.

இன்னொரு முறை சுருக்கிக்கொள்வோம். முன்வரைவு என்பது ஒரே படம் இல்லை, ஒரு வரிசை. யோசனைக்காகக் கிறுக்கியது, தாளில் தெளிவாக வரைந்தது, கட்டைமேல் வரைந்தது. இதில் வெட்டுப்படுவது கடைசியில் இருப்பது.

தாளில் கிடைக்கும் தடயங்கள்

ஒரு பழைய பேனாப்படம் கிடைக்கிறது, அதைப் போலவே ஒரு அச்சும் இருக்கிறது. எது முந்தியது? அச்சைப் பார்த்துப் பிறகு யாரோ பழகிப் பார்த்த நகலாகவும் இருக்கலாமே? இதில்தான் ஏமாறுபவர்கள் அதிகம்.

திசையை முதலில் பார்ப்பார்கள். அச்சைப் பார்த்து நகல் எடுப்பவர் பெரும்பாலும் அச்சின் திசையிலேயே வரைவார். அச்சுக்கு நேரெதிர்த் திசையில் இருந்தால், அச்சுக்கு முன்னால் வரைந்தது என்ற சந்தேகம் வலுக்கிறது. வீரன் இடக்கையில் வாள் பிடித்திருந்தாலும், பிஷப் இடக்கையால் ஆசீர்வதித்தாலும் அப்படித்தான். கிறிஸ்தவ மரபில் ஆசி வலக்கையால்தான். படத்தில் இடக்கை என்றால், அச்சில் அது வலக்கையாக வரும் என்று கணக்குப் போட்டே ஓவியர் வரைந்திருக்கிறார். இந்தக் கணக்கைப் போட மறந்து, அச்சில் இடக்கை வீரர்களாக வந்து நிற்கும் படங்களும் உண்டு.

அடுத்து, தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது. ஊசி அழுத்திய தடம் கோடு நெடுக மெல்லிய வாய்க்கால்போலத் தெரியும். பின்பக்கம் கரி தேய்த்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இந்தத் தடம் ஏதோ ஒன்றுக்கு மாற்றினார்கள் என்று மட்டும்தான் சொல்லும்; செப்புத்தகட்டுக்கோ கண்ணாடி ஓவியத்துக்கோகூட இருக்கலாம்.

எனக்குப் பிடித்த தடயம் மனமாற்றம். கையை ஒரு இடத்தில் போட்டுவிட்டு, அதன்மேலேயே சற்றுத் தள்ளி இன்னொரு கையைப் போட்டிருப்பார் ஓவியர். நகல் எடுப்பவருக்கு இந்தத் தயக்கம் வராது. விடை கையில் இருக்கும்போது யாரும் அடித்துத் திருத்தி எழுதுவதில்லை.

மிஞ்சியவை எப்படி மிஞ்சின

உருளைக்கிழங்கில் பேனாவால் எழுதிய எழுத்து என்ன ஆனது என்று முன்பு கேட்டோம். இங்கேயும் அதே கதி. வேலை ஒழுங்காக நடந்தால் கட்டைமேல் வரைந்த படம் இருக்காது. வெட்டிய கட்டை பத்திரமாக இருந்தாலும் அதில் நிற்பது கட்டைவெட்டி விட்டுவைத்த மேடுதான். பாசல் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டை இருக்கிறது. புனித ஜெரோமின் கடிதங்கள் நூலுக்காக 1492இல் அச்சான முகப்புப்படத்தின் கட்டை. பின்பக்கம் 'நியூரம்பர்கைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் டியூரர்' என்று அவரே கைப்பட எழுதிய எழுத்து அப்படியே இருக்கிறது. முன்பக்கம் அவர் போட்ட கோடு போய்விட்டது.

ஆகவே, நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் வரிசையில் முந்தியவை, இல்லையென்றால் வேலை நின்றுபோனவை. முந்தியதற்கு நல்ல உதாரணம் 1493இல் நியூரம்பர்கில் வந்த உலக வரலாற்று நூல். 645 கட்டைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1,809 படங்கள் போட்ட புத்தகம். எந்தப் பக்கத்தில் எழுத்து எங்கே, படம் எங்கே என்று கையால் எழுதியும் வரைந்தும் வைத்த மாதிரிப் புத்தகங்கள் இன்னும் அந்த நகரத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பல படங்கள் நிஜமாகவே அவசரக் கிறுக்கல்கள்தான். இடம் எவ்வளவு என்று காட்டினால் போதும், அழகு யாருக்கு வேண்டும்? அதே நூலின் முகப்பில் அரியணையில் அமர்ந்த கடவுளுக்கு, மிகாயேல் வோல்கெமுட்டின் பட்டறை 1490 என்று தேதி போட்டு வரைந்த தாளோ அப்படியே சட்டம் போட்டு மாட்டலாம்போல முழுமையாக இருக்கிறது. இரண்டுமே முன்வரைவுதான்.

நின்றுபோன வேலைகள் இன்னும் சுவாரஸ்யமானவை. மூலிகை நூல் எழுதிய ஃபுக்ஸ் அதைவிடப் பலமடங்கு பெரிய நூல் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். 1566இல் அவர் இறக்கும்வரை அது அச்சேறவில்லை. அதற்காக வரைந்த 1,500க்கும் மேற்பட்ட வண்ணப்படங்கள் வியன்னாவில் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அச்சாகியிருந்தால் இப்படிக் கட்டோடு காப்பாற்றி வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பாசலில் இன்னொரு பொக்கிஷம். 1490களின் தொடக்கத்தில் அச்சகர் யோஹான் ஆமர்பாக், ரோமானிய நாடக ஆசிரியர் டெரன்ஸின் நகைச்சுவை நாடகங்களைப் படத்தோடு போடத் திட்டமிட்டார். கட்டைகளின்மேல் படங்களும் வரைந்தாயிற்று. வரைந்தவர் இருபது வயது டியூரர் என்பது பலருடைய கருத்து. 1493இல் லியோனில் இன்னொருவர் படங்களோடு டெரன்ஸைக் கொண்டுவந்துவிட்டார். சந்தை போய்விட்டது, திட்டம் படுத்துவிட்டது. கட்டைகளில் ஒருசில மட்டுமே வெட்டுப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டவை அன்று வரைந்த மையோடு, அன்று இழைத்த முகத்தோடு இன்றும் இருக்கின்றன. தெருவில் பேசி நிற்கும் இளைஞன், சூழ்ச்சி செய்யும் வேலைக்காரன், வீட்டு வாசல். நிழல் குறைவு, கோடு தெளிவு. கட்டைவெட்டிக்காகவே ஓவியர் போட்ட கோட்டைக் கொத்துக் கொத்தாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். ஒரு அச்சகரின் நஷ்டம் நமக்கு லாபமாகிவிட்டது.

வரைந்த நிலை, வெட்டிய நிலை இரண்டையும் ஒரே கட்டையில் பார்க்க நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குப் போக வேண்டும். ஓவியர் பீட்டர் ப்ரூகல் 1566 வாக்கில் ஒரு ஆப்பிள் மரக்கட்டையின் முகத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் பேனாவால் வரைந்தார். திருவிழாக் கூத்து ஒன்றின் காட்சி: தலை கலைந்த, அழுக்கு மணப்பெண் ஒருத்தியை மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு ஆடுகிறான். கட்டைவெட்டி வேலையைத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போயிருக்கிறார், அப்புறம் நின்றுவிட்டார். அதே காட்சி 1570இல் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தது. ப்ரூகல் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். கட்டையோ அப்படியே நின்றுவிட்டது. ஒரு பகுதியில் வெள்ளைப் பூச்சின்மேல் பேனாக் கோடு ஓடுகிறது, பேனா அழுந்திய இடம், தூக்கிய இடம் எல்லாம் தெரிகிறது. அதை ஒட்டியே இன்னொரு பகுதியில் மரம் பள்ளமாகி, கோடு மட்டும் மேடாக நிற்கிறது.